சாட்டா வயரிலிருந்து கிராபிக்ஸ் கார்டுக்கு 8-பின் கன்வர்ட்டர் போடலாமா? ஸ்விட்சைப் போடும் முன் கேட்கிறேன்

தாம்பரத்தான் | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். தங்கை கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். முப்பரிமாணப் படங்களை ரெண்டர் செய்ய வீட்டில் ஒரு டெஸ்க்டாப் இருந்தால் நல்லது என்றாள். புதிதாக வாங்குமளவுக்குக் கையில் பணம் இல்லாததால் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் பழைய ஆபீஸ் டெஸ்க்டாப் ஒன்று எடுத்தேன். ஐ5-6500 பிராசஸர், 16 ஜிபி ராம், 240 வாட் எஸ்எம்பிஎஸ் (உள்ளே எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி). இன்னொரு கடையில் பழைய ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்டு கிடைத்தது.

வீட்டுக்கு வந்து கேபினெட்டைத் திறந்த பிறகுதான் கவனித்தேன். கார்டில் 8-பின் பவர் சாக்கெட் இருக்கிறது, எஸ்எம்பிஎஸ்ஸில் அதற்கான வயரே கிடையாது. ஹார்டு டிஸ்க்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் சாட்டா வயர்கள் மட்டும் உள்ளே இருக்கின்றன. கார்டு விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டேன். "கவருக்குள்ளேயே ஒரு கன்வர்ட்டர் வைத்திருக்கிறேன், இரண்டு சாட்டா வயரை அதில் செருகுங்கள், 8-பின் வந்துவிடும்" என்றார். பார்த்தேன், இருந்தது. மாட்டியும் விட்டேன். எல்லாம் கச்சிதமாக உட்காருகிறது.

ஆனால் ஸ்விட்சைப் போடக் கை வரவில்லை. அந்த வயர் ரொம்ப மெல்லிசாகத் தெரிகிறது. போடலாமா, வேண்டாமா?

செப்புக்கம்பி | ஞாயிறு, இரவு 10.15

போடாதீர்கள் தம்பி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்தக் கன்வர்ட்டரைக் கழற்றி வைத்துவிடுங்கள். பிறகு நிதானமாகப் பேசலாம்.

கணக்கைச் சொல்கிறேன். சாட்டா பவர் கனெக்டரில் 15 மெல்லிய தகடுகள் இருக்கும். அவற்றில் 12 வோல்ட்டுக்கு உரியவை 3 மட்டும். தகடு ஒன்றுக்கு 1.5 ஆம்பியர் என்பது வரம்பு. ஆக ஒரு சாட்டா தலை 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட் தாங்கும். ஹார்டு டிஸ்க்குக்கு அது தாராளம், அதற்காகத்தான் அதைச் செய்தார்கள். இரண்டு தலை சேர்ந்தால் 108 வாட்.

கார்டின் பக்கம் பாருங்கள். 8-பின் சாக்கெட் என்றால் 150 வாட் வரை இழுக்கலாம் என்று கார்டுக்கு அனுமதி கொடுப்பதாக அர்த்தம். ஆர்எக்ஸ் 580 முழு வேகத்தில் 185 வாட் வரை சாப்பிடும். கார்டைச் செருகும் மதர்போர்டு ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட், அதிலும் 12 வோல்ட் வழியாக வருவது 66 தான். மிச்சம் 110, 120 வாட் அந்த 8-பின் வழியாகத்தான் வந்தாக வேண்டும். 120-ஐ 12-ஆல் வகுத்தால் 10 ஆம்பியர். உங்கள் இரண்டு சாட்டா தலைகளின் வரம்பு 9. முதல் ரெண்டரிலேயே தாண்டிவிடும்.

இன்னொன்று. இரண்டு தலையில் செருகினால் இரண்டு வழி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆபீஸ் டெஸ்க்டாப்பில் அந்த இரண்டு தலையும் பெரும்பாலும் ஒரே மாலையில் கோத்தவை. பின்னால் போய்ப் பார்த்தால் 12 வோல்ட் கொண்டுவரும் மஞ்சள் வயர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அரை இன்ச் பைப்பின் முனையில் ஒரு இன்ச் டேப்பை மாட்டினால் அரை இன்ச் தண்ணீர்தான் வரும். தண்ணீர் அதோடு விட்டுவிடும், மின்சாரம் அப்படி விடாது. கார்டு கேட்கக் கேட்க வயர் சூடாகிக்கொண்டே போகும்.

இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். எஸ்எம்பிஎஸ் லேபிளில் என்ன எழுதியிருக்கிறது? அந்த சாட்டா வயர் எங்கே தொடங்குகிறது? கையால் பிடித்தபடியே கடைசி வரை போய்ப் பாருங்கள்.

இரவுஆட்டம் | ஞாயிறு, இரவு 11.02

மாற்றுக் கருத்து ஒன்று. நான் ஒன்றரை வருடமாக இரண்டு சாட்டாவிலிருந்து எடுத்துத்தான் ஓட்டுகிறேன். தினமும் மூன்று மணி நேரம் கேம். வயரைத் தொட்டால் வெதுவெதுப்புகூட இல்லை. இணையத்தில் எல்லோரும் "சாட்டா கன்வர்ட்டரா, ஐயோ" என்று பயமுறுத்துகிறார்கள். கையில் காசு இல்லாதவன் வேறு என்ன செய்வான்? நல்ல கன்வர்ட்டராகப் பார்த்து வாங்கினால் போதும் என்பது என் அனுபவம்.

செப்புக்கம்பி | ஞாயிறு, இரவு 11.30

> இரவுஆட்டம் எழுதியது: ஒன்றரை வருடமாக இரண்டு சாட்டாவிலிருந்து எடுத்துத்தான் ஓட்டுகிறேன்.

என்ன கார்டு? 6-பின்னா, 8-பின்னா?

இரவுஆட்டம் | ஞாயிறு, இரவு 11.34

ஜிடிஎக்ஸ் 1650 சூப்பர். 6-பின்.

செப்புக்கம்பி | திங்கள், காலை 6.50

அப்படியானால் நீங்கள் சொல்வது சரி, உங்கள் அமைப்பும் சரி. அந்தக் கார்டு மொத்தமே 100 வாட். ஸ்லாட்டிலிருந்து பாதிக்கு மேல் வந்துவிடும். 6-பின் வழியாக 40, 50 வாட் போகும். இரண்டு சாட்டா தலைகள் 108 வரை தாங்கும்போது இது பாதிகூட இல்லை. வயர் சுடாததில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் தாம்பரத்தாரின் கணக்கு வேறு. சாட்டா கன்வர்ட்டர் என்றாலே கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு சாட்டாவிலிருந்து 6-பின், வரம்புக்குள் நிற்கும் கார்டு என்றால் செய்யலாம். ஒற்றை சாட்டாவிலிருந்து 6-பின் கூடாது, ஏனென்றால் 54 வாட் தாங்கும் தலையைக் காட்டி 75 வாட் தருவதாகக் கார்டிடம் சொல்கிறோம். சாட்டாவிலிருந்து 8-பின் என்பதை எந்த விதத்திலும் ஏற்க முடியாது.

"கார்டிடம் சொல்கிறோம்" என்பது சும்மா பேச்சுக்கு இல்லை. 6-பின்னுக்கும் 8-பின்னுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். கூடுதலாக வரும் 2 பின்னில் 12 வோல்ட் கிடையாது. ஒன்று கிரவுண்டு, இன்னொன்று சென்ஸ். சென்ஸ் பின் கிரவுண்டோடு சேர்ந்திருந்தால், "150 வாட் இருக்கிறது, எடுத்துக்கொள்" என்று கார்டு புரிந்துகொள்கிறது. கன்வர்ட்டர் செய்பவர் அந்த இரண்டையும் உள்ளுக்குள் இணைத்துவிடுகிறார். வயர் பழைய வயர்தான், கார்டுக்குப் போகும் சேதி மட்டும் பெரிது. 6-பின்னை 8-பின்னாக்கும் கன்வர்ட்டரிலும் இதே கதைதான். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த 6-பின்னுக்கு மூன்று தடித்த மஞ்சள் வயர் வந்தால் அது தாங்கிவிடும். மலிவானதில் இரண்டுதான் வரும். எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

14 வருடமாக சர்வீஸ் செய்கிறேன். போன கோடையில் வந்த ஒரு கேபினெட்டை இன்னும் மறக்க முடியவில்லை. வாடிக்கையாளர் சொன்ன புகார், "ஏதோ மீன் வாடை அடிக்கிறது" என்பதுதான். திறந்தேன். இதே போன்ற சாட்டா கன்வர்ட்டர். கறுப்பு பிளாஸ்டிக் ஒரு மூலையில் மெழுகு போல் வழிந்து உறைந்திருந்தது. மஞ்சள் வயரின் தோல் கனெக்டரிலிருந்து ஒரு இன்ச் தூரத்துக்குப் பழுப்பேறி, நகத்தால் தொட்டதும் பொரிபொரியாக உதிர்ந்தது. இழுத்தால் கழன்று வரவில்லை, இரண்டு தலையும் ஒன்றாக உருகி ஒட்டிவிட்டன. வெட்டித்தான் எடுத்தேன். இத்தனைக்கும் எஸ்எம்பிஎஸ் கடைசி வரை ஆஃப் ஆகவே இல்லை. ஷார்ட் ஆனாலோ மொத்தச் சுமை அதன் அளவை மீறினாலோதான் அது தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். இங்கே இரண்டும் இல்லை. கார்டு கேட்டதை அது ஒழுங்காகக் கொடுத்துக்கொண்டே இருந்தது, நடுவில் கனெக்டர் வெந்துகொண்டிருந்தது.

ஏன் வேகிறது? மின்சாரம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். தகடும் தகடும் தொடும் இடத்தில் 10 மில்லி ஓம் தடை என்று வைத்துக்கொள்வோம். 1.5 ஆம்பியர் போனால் அங்கே உண்டாகும் சூடு 0.02 வாட், தெரியவே தெரியாது. தகடு தளர்ந்து ஒன்றிரண்டு சரியாகத் தொடாமல் போனால் மிச்சமிருப்பது எல்லாவற்றையும் சுமக்கும். 5 ஆம்பியர், 50 மில்லி ஓம் என்றால் 1.25 வாட். 1.27 மில்லிமீட்டர் இடைவெளியில் அடுக்கிய தகட்டில் அது எரிசூடு. சூட்டில் ஸ்பிரிங் இன்னும் தளரும், தடை இன்னும் கூடும்.

தாம்பரத்தான் | திங்கள், இரவு 8.20

செப்புக்கம்பி அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரியே வயரைப் பிடித்துக்கொண்டு போனேன். அது எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் போகவே இல்லை! மதர்போர்டில் ஒரு சின்ன வெள்ளை கனெக்டரில் போய் முடிகிறது. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வெளியே வருவது இரண்டே கட்டு. ஒன்று 8-பின், போர்டுக்குப் போகிறது. இன்னொன்று 4-பின், பிராசஸர் பக்கம். வேறு எதுவும் இல்லை. லேபிளில் மொத்தம் 240 வாட்.

செப்புக்கம்பி | திங்கள், இரவு 9.05

இதற்காகத்தான் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். நீங்கள் அன்றைக்கு ஸ்விட்சைப் போடாதது பெரிய விஷயம் தம்பி.

அந்தக் காலத்து ஆபீஸ் டெஸ்க்டாப்கள் பலவற்றில் சாட்டா பவர் போர்டு வழியாகத்தான் வரும். ஒரு ஹார்டு டிஸ்க், ஒரு டிவிடி டிரைவ் என்ற அளவுக்குத்தான் போர்டுக்குள் அந்தச் செப்புப் பாதையைப் போட்டிருப்பார்கள். நீங்கள் 10 ஆம்பியரை அதன் வழியாக இழுத்திருந்தால், கன்வர்ட்டர் உருகுவதற்கு முன் போர்டின் பாதையே கருகியிருக்கலாம். வயர் போனால் இருநூறு ரூபாய். போர்டு போனால் மொத்த டெஸ்க்டாப்பும் போன மாதிரிதான்.

அதோடு 240 வாட்டே பற்றாது. பிராசஸர் 65, கார்டு 185, இதிலேயே 250 ஆகிவிட்டது. போர்டு, ராம், டிஸ்க், ஃபேன் எல்லாவற்றுக்கும் 40 வாட் போடுங்கள்.

உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, கார்டை மாற்றுவது. ஜிடிஎக்ஸ் 1650-இல் தனி பவர் சாக்கெட் இல்லாத மாடல்கள் உண்டு, 75 வாட்டும் ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். வாங்கும்போது கார்டின் ஓரத்தைப் பாருங்கள், அதே பெயரில் 6-பின் வைத்த மாடலும் வருகிறது. 65, 75, 40 சேர்த்தால் 180. உங்கள் எஸ்எம்பிஎஸ் தாங்கும்.

இரண்டாவது, எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுவது. சாதாரண 24-பின் எஸ்எம்பிஎஸ் வாங்கி, 24-இலிருந்து 8-பின்னாக மாற்றும் வயரால் உங்கள் போர்டோடு இணைப்பது. இந்தக் கன்வர்ட்டரை நான் தப்பு சொல்ல மாட்டேன், நிறையப் பேருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த 8-பின் ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு, ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடல்கூட வேறு. பார்க்க அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும். டெஸ்க்டாப் ஆஃப் ஆக இருக்கும்போதும் போர்டுக்குள் கொஞ்சம் மின்சாரம் காத்திருக்கும் இல்லையா, அது சில போர்டில் 5 வோல்ட், சிலவற்றில் 12 வோல்ட். 12 கேட்கும் போர்டுக்கு உரிய வயரின் நடுவில் ஒரு சின்ன சர்க்யூட் இருக்கும், 5-ஐ ஏற்றிக் கொடுக்க. மாடல் எண்ணைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். வாங்கினாலும், போர்டில் செருகும் முன் மல்டிமீட்டரால் ஒவ்வொரு பின்னையும் அளந்து, பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் அதே பின்னில் என்ன வருகிறதோ அதோடு ஒப்பிடுங்கள். பத்து நிமிட வேலை.

நிழற்படப்பெட்டி | திங்கள், இரவு 10.48

இந்த இழையில் நானும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இது யாருக்கும் நடக்கக் கூடாது.

நான் கோவையில் திருமணப் புகைப்படம் எடுப்பவள். போன வருடம் எஸ்எம்பிஎஸ் பழுதாகி, அதே கம்பெனியின் கொஞ்சம் பெரிய மாடல் வாங்கினேன். இரண்டுமே வயர்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் வகை. பழைய வயர்கள் கேபினெட்டின் பின்பக்கம் அழகாகக் கட்டி ஓடியிருந்தன. அதை எதற்குப் பிரிப்பது, அதே கம்பெனிதானே என்று எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றி, பழைய வயர்களையே செருகினேன். எல்லாம் தடையில்லாமல் செருகியது. ஆன் செய்ததும் "டிக்" என்று ஒரு சத்தம். இரண்டு ஹார்டு டிஸ்க்கும் ஒரே நொடியில் போய்விட்டன.

பிறகு ஒருவர் அளந்து காட்டினார். எஸ்எம்பிஎஸ் பக்கம் செருகும் முனையில் எந்தப் பின்னில் எது வர வேண்டும் என்று பொது விதியே இல்லையாம். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போயிருக்கிறது. நான்கு குடும்பங்களின் திருமணப் படங்கள் அதில் இருந்தன. மூன்றை வேறு டிஸ்க்கிலிருந்து மீட்டேன். நான்காவது வீட்டுக்கு நேரில் போய்ச் சொன்னேன். அந்த அம்மா ஒன்றும் திட்டவில்லை, "சரிம்மா" என்று மட்டும் சொன்னார். இன்றைக்கும் அது நெஞ்சில் நிற்கிறது.

எஸ்எம்பிஎஸ் மாற்றினால் அதன் பெட்டியில் வந்த வயர்களை மட்டும் போடுங்கள். பழையவற்றை அன்றைக்கே வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், அலமாரியில்கூட வைக்காதீர்கள்.

செப்புக்கம்பி | திங்கள், இரவு 11.10

கேட்கவே கஷ்டமாக இருக்கிறது அக்கா. எங்கள் கடைக்கு வரும் டிஸ்க் சாவுகளில் இது நிறைய. டிஸ்க் பக்கம் உள்ள முனைக்கு விதி உண்டு, எஸ்எம்பிஎஸ் பக்கம் இல்லை என்பதை வாங்குபவர் யாருக்கும் கடையில் சொல்வதில்லை.

டிஸ்க் பற்றி வந்ததால் இன்னொன்று. மோலெக்ஸ் என்ற பழைய நாலு பின் பவர் கனெக்டரிலிருந்து சாட்டாவாக மாற்றும் சின்ன வயர் எல்லோர் வீட்டிலும் ஒன்று கிடக்கும். அதில் இரண்டு ரகம். ஒன்றில் சாட்டா தலை ஒரே கட்டியாக வார்த்தது, வயர்கள் பிளாஸ்டிக்குக்குள் போய் மறைந்துவிடும். இன்னொன்றில் வயர் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பள்ளத்தில் பதிந்து, பின்னால் ஒரு மூடி போட்டிருக்கும். வார்த்த ரகம் வேண்டாம். சூடான பிளாஸ்டிக்கை ஊற்றும்போது உள்ளே வயர் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்திருந்தால் நமக்கு வெளியே தெரியாது. மாதங்கள் கழித்து 12-உம் கிரவுண்டும் தொட்டுக்கொள்ளும். சிறிய டிஸ்க் ஒன்றுக்குத் தானே என்று நினைக்கும் இடத்தில் தீப்பிடிப்பது இந்த ரகம்தான்.

நாலுபின் | செவ்வாய், காலை 7.15

பிராசஸருக்குப் போகும் 8-பின்னையும் கார்டுக்குப் போகும் 8-பின்னையும் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்பதையும் சேர்த்துவிடுங்கள். பிராசஸருடையது 4+4 ஆகப் பிரியும், கார்டுடையது 6+2 ஆகப் பிரியும். 12 வோல்ட்டும் கிரவுண்டும் இரண்டிலும் எதிரெதிர் வரிசையில் இருக்கின்றன. பின் வடிவம் வேறு என்பதால் சும்மா நுழையாது. நுழையவில்லை என்றால் அழுத்தக் கூடாது, அவ்வளவுதான்.

புதுக்கட்டு | செவ்வாய், மதியம் 1.30

என் கேள்வி கொஞ்சம் வேறு. புதிய கார்டு வாங்கினேன், ஆர்டிஎக்ஸ் 4070 டிஐ. பெட்டியிலேயே ஒரு கன்வர்ட்டர் வந்திருக்கிறது. இரண்டு 8-பின் சேர்ந்து சின்ன 16-பின்னாக மாறுகிறது. இதுதானே உருகிப்போவதாகச் செய்தியெல்லாம் வந்தது? போடலாமா?

செப்புக்கம்பி | செவ்வாய், இரவு 9.20

போடலாம், கார்டோடு வந்ததை மட்டும்.

2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 வந்தபோதுதான் அந்தச் செய்திகள் தொடங்கின. அந்த 16-பின் 600 வாட் வரை கொண்டுபோகும். 600 வாட் என்றால் 50 ஆம்பியர், 12 வோல்ட் பின் ஆறுதான், ஆக பின் ஒன்றுக்கு 8 ஆம்பியருக்கு மேல். 8-பின்னில் பின்களுக்கு இடையே 4.2 மில்லிமீட்டர், இதில் 3 தான். இவ்வளவு நெருக்கத்தில் இவ்வளவு சுமை வைத்ததில் எனக்கு உடன்பாடு இல்லை. முழுதாகச் செருகாமல் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டாலே சூடு ஏறிவிடுகிறது. 2023-இல் அதைத் திருத்தினார்கள். நான்கு சின்ன சென்ஸ் பின்களை உள்ளே தள்ளி, மின்சாரம் போகும் பின்களைக் கொஞ்சம் நீட்டினார்கள், சரியாகச் செருகாவிட்டால் கார்டு முழுச் சுமையை எடுக்காமல் இருப்பதற்காக. இந்த 16-பின்னுக்கென்று தனியாக விற்ற, வயரைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் கோணக் கன்வர்ட்டரை கேபிள்மாட் நிறுவனம் திரும்பப் பெற்றுக்கொண்டது, 2024 பிப்ரவரியில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவிப்பும் வந்தது.

உங்கள் கார்டு 285 வாட், 4090 போல 450 இல்லை. அதனால் மூச்சுவிட இடம் இருக்கிறது. கார்டை கேபினெட்டில் மாட்டும் முன், மேஜையில் வைத்து, கண் எதிரே "டக்" என்று உட்காரும் வரை செருகிப் பழகுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் இடைவெளி கோடுகூடத் தெரியக் கூடாது. தலையிலிருந்து மூன்றரை சென்டிமீட்டர் வரை வயரை வளைக்காதீர்கள். கேபினெட் கண்ணாடி வயரை அழுத்தினால் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். இரண்டு 8-பின்னுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனி வயர் கொண்டுவாருங்கள், ஒரே வயரில் தொங்கும் இரட்டைத் தலையைப் போடாதீர்கள்.

மூன்றுமுனை | புதன், காலை 6.10

எல்லோரும் கேபினெட்டுக்கு உள்ளே பேசுகிறீர்கள். நான் வீட்டு வயரிங் செய்பவன், வெளியே இருக்கும் கன்வர்ட்டரைப் பற்றி ஒரு வார்த்தை.

எஸ்எம்பிஎஸ் பிளக்கில் மூன்று பின், சுவரில் இரண்டு துளை சாக்கெட் என்றால் உடனே ஐந்து ரூபாய்க்கு மூன்றை இரண்டாக்கும் பின்னை வாங்கிச் செருகிவிடுகிறார்கள். எர்த் அங்கேயே அறுந்துவிட்டது. அதன் பிறகு கேபினெட்டின் தகரத்தைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று ஓடும். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் தகரத்தை 230 வோல்ட்டின் பாதி அளவுக்குக் கொண்டுபோய் நிறுத்துவதால் வருவது அது. மிகச் சிறிய மின்சாரம், ஆளைக் கொல்லாது. ஆனால் எஸ்எம்பிஎஸ் ஒருநாள் உள்ளே பழுதானால் முழு 230-உம் அதே தகரத்துக்கு வரலாம். எர்த் இருந்தால் அந்த நொடியே பிரேக்கர் விழும். இல்லாவிட்டால் தொடுபவர்தான் எர்த்.

தாம்பரத்தான் | ஞாயிறு, மாலை 5.25

ஒரு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். சனிக்கிழமை மறுபடி ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். கடைக்காரரிடம் கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். முதலில் "எல்லோரும் இதைத்தானே போடுகிறார்கள்" என்றார். சாட்டா வயர் போர்டிலிருந்து வருகிறது என்று போட்டோவைக் காட்டியதும் அவரே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கார்டை எடுத்துக்கொண்டு, பவர் சாக்கெட் இல்லாத ஜிடிஎக்ஸ் 1650 கொடுத்தார், மேலே 900 ரூபாய் வாங்கிக்கொண்டார். கன்வர்ட்டரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அது இன்னொருவர் கவருக்குள் போய்விடும் என்று தோன்றியது, வீட்டிலேயே இரண்டாக வெட்டிவிட்டேன்.

மூன்றுமுனை சாரின் பதிவைப் படித்ததும் கேபினெட்டைத் தொட்டுப் பார்த்தேன். மெலிதாக சுருசுரு. சாக்கெட் மூன்று துளைதான், ஆனாலும் வந்தது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். சாக்கெட்டைத் திறந்தால் பச்சை வயர் ஸ்க்ரூவில் இல்லை, பக்கத்தில் சும்மா சுருண்டு கிடந்தது. முறுக்கிவிட்டுப் போனார். இப்போது ஒன்றும் இல்லை.

நேற்றிரவு ஒரு மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிவிட்டு, எஸ்எம்பிஎஸ் வயர்கள் எல்லாவற்றையும் தலை தலையாகத் தொட்டுப் பார்த்தேன். எதுவும் சுடவில்லை. தங்கை இப்போது ஒரு மாடிப்படியை ரெண்டர் போட்டுவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.